எடையை எழுதினார்கள், உயரத்தை எழுதவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் கர்ப்பிணிகளுக்கான உணவுக் குறிப்பு ஒன்று வந்திருந்தது. 'இனி நீங்கள் சாப்பிடுவது இரண்டு உயிருக்கு' என்று தொடங்கி, நெய், பேரீச்சை, பால், முந்திரி என்று வரிசையாகப் போய் முடிந்தது. எழுதியவரைக் குறை சொல்ல எனக்கு வாய் கிடையாது. அதே வரியைச் சொல்லிச் சொல்லித்தான் என் மகளுக்கு ஊட்டினேன். அதுவும், ஈரோடு மாவட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் 27 வருஷம் ஆய்வக நுட்புநராக வேலை பார்த்து ஓய்வு பெற்ற பிறகு. ஆயிரக்கணக்கான கர்ப்பிணிகளின் ரத்தத்தைத் தொட்ட கை இது. தன் வீட்டுக்கு வந்தால் படிப்பு திண்ணையோடு நின்றுவிடுகிறது.

நாங்கள் சிவகிரிப் பக்கம். மகள் வாக்கப்பட்டது திருப்பூரில். பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர் வேலை. காலை 9 மணிக்கு நாற்காலியில் உட்கார்ந்தால், ஷிப்மெண்ட் நாள்களில் ராத்திரி 10 மணிக்குத்தான் எழுந்திருப்பாள். நடுவில் டீ, பஃப்ஸ், மறுபடியும் டீ. கல்யாணத்தின்போது எடுத்த ரவிக்கை ஒரு வருஷத்தில் கைக்குள் நுழையவில்லை. "வீட்டுக்காரர் நல்லா வெச்சிருக்கறாருங்க" என்று ஊரே சொல்லிற்று. நானும் அதைப் பெருமையாகத்தான் கேட்டுக்கொண்டேன்.

உண்டானதும் 11ஆம் வாரத்தில் பதிவு செய்தார்கள். தாய் சேய் நல அட்டையில் எடை 68 கிலோ என்று எழுதியிருந்தது. பக்கத்தில் உயரத்துக்கான கட்டம் காலி. எனக்கே அது கண்ணில் படவில்லை. பிரசவம் முடிந்து, தொட்டில் கட்டி, ஒரு நாள் மத்தியானம் அந்த அட்டையைப் புரட்டியபோதுதான் பார்த்தேன். மகளைக் கதவு நிலையோடு நிற்கவைத்து, தலைமேல் ஸ்கேல் வைத்துப் பென்சிலால் கோடு போட்டு அளந்தேன். 154 செ.மீ. எடையை மீட்டரில் சொன்ன உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் 28.7. பி.எம்.ஐ. என்னும் பருமன் கணக்கு இதுதான்; நம்மவருக்கு இது அதிகம். இந்த ஒரு எண் 11ஆம் வாரத்தில் யாராவது ஒருவர் வாயிலிருந்து வந்திருந்தால் என் நெய் ஜாடி அலமாரியிலேயே இருந்திருக்கும்.

வரவில்லை. அதனால் நான் வாராவாரம் பஸ் ஏறினேன். ஒரு கூடையில் தேங்காய்ப்பாலுக்குத் தேங்காய், நாட்டுச்சர்க்கரை, நாட்டுக்கோழி முட்டை. இன்னொரு கூடையில் கச்சாயம், ஒப்புட்டு, கடலை உருண்டை. சந்தகை பிழிந்து தேங்காய்ப்பால் ஊற்றி, "இன்னொரு வாய் கண்ணு" என்று நான் சொல்ல, "அம்மா, போதும்மா" என்று அவள் தட்டைத் தள்ள, "உனக்கு இல்ல, உள்ளே இருக்கற உசுருக்கு" என்று நான் மறுபடியும் தள்ள. இப்படி ஆறு மாதம். அளந்து போடுகிறவள் என்ற பேர் எந்தத் தாய்க்கும் வேண்டாம் அல்லவா.

ஐந்தாம் மாதத்தில் அவள் கம்பெனிக்கு ஒரு தனியார் ஆய்வகம் வந்து முகாம் போட்டது. பெயர் வேண்டாம். 'கர்ப்பிணிகள் பேக்கேஜ்' என்று இருபத்துச் சொச்சம் பரிசோதனை. ராத்திரி 9 மணிக்குச் சம்பந்தியம்மா போன். "ஏனுங்க, ரிப்போர்ட்ல ஏதோ சி.ஆர்.பி.ன்னு கறுப்பு எழுத்துல போட்டிருக்குதுங்க. 6க்குள்ள இருக்கணுமாம், 14 இருக்குதாம். கொழந்தைக்கு இன்பெக்‌ஷனுங்களா?" எனக்கும் வயிற்றைக் கலக்கியது. அதைத்தான் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தச் சோதனையை என் கையால் எத்தனை தடவை செய்திருக்கிறேன்!

எங்கள் ஆய்வகத்தில் அதைச் செய்யும் முறை இது. கறுப்பு அட்டையில் வட்டங்கள் இருக்கும். ஒரு வட்டத்தில் ஒரு சொட்டு சீரம் (ரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீர்), அதன்மேல் பால் போல் வெள்ளையாக ஒரு சொட்டு லேடெக்ஸ் என்ற சோதனைக் கரைசல். குச்சியால் பரப்பிவிட்டு, அட்டையைக் கையில் வைத்து இரண்டு நிமிஷம் மெதுவாக ஆட்ட வேண்டும். பால் பாலாகவே இருந்தால் நெகடிவ். திரிந்த பால் மாதிரி பிசிறு பிசிறாகக் கட்டினால் பாசிடிவ். லிட்டருக்கு 6 மில்லிகிராம் அளவைத் தாண்டினால் திரியத் தொடங்கும். 7 இருந்தாலும் திரியும், 70 இருந்தாலும் திரியும். இரண்டு நிமிஷத்துக்கு மேல் ஆட்டிக்கொண்டே இருந்தால், ஓரம் காய்ந்து, இல்லாததும் திரிந்த மாதிரித் தெரியும். புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுத்தது இதைத்தான்.

மகளின் ரிப்போர்ட் மெஷினில் போட்டது. எண் சரியாகவே இருக்கும். ஆனால் எண் சரி, அர்த்தம் தப்பு. அவளுக்குக் காய்ச்சல் இல்லை, நீர்க்கடுப்பு இல்லை, சளி இல்லை. போன இடத்தில் மருத்துவர் ரிப்போர்ட்டைப் பார்த்தார், ஐந்து நாளைக்கு ஆன்டிபயாடிக் எழுதினார். சிறுநீரில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர்கூட எடுக்கவில்லை. நான் கேட்டபின்தான் மூன்றாம் நாள் எடுத்தார்கள். கிருமி எதுவும் வளரவில்லை. மாத்திரை தொடங்கி மூன்று நாள் ஆன பின் எடுத்த கல்ச்சரை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்பதும் எனக்குத் தெரியும். ஐந்தாம் நாள் சி.ஆர்.பி. மறுபடியும் பார்த்தார்கள். 13. மருந்துக்கு அசையவே இல்லை.

ஏன் அசையவில்லை என்பதைத்தான் உங்கள் வாசகர்களுக்குச் சொல்ல ஆசைப்படுகிறேன். சி.ஆர்.பி. என்பது கிருமி அல்ல. நம் கல்லீரல் செய்யும் ஒரு புரதம். 1930இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிலையத்தில், நிமோனியாக் காய்ச்சல்காரர்களின் ரத்தத்தில் கண்டுபிடித்தார்கள். நிமோகாக்கஸ் கிருமியின் 'சி' என்ற பொருளோடு சேர்ந்து கட்டியதால் அந்த எழுத்து பெயரில் ஒட்டிக்கொண்டது. காய்ச்சல் நோயாளிகளிடம் முதலில் பார்த்ததாலோ என்னவோ, அது ஏறினாலே 'இன்பெக்‌ஷன்' என்று சொல்லும் பழக்கம் நம்மிடம் நின்றுவிட்டது. உடம்பில் எங்கோ அழற்சி, அதாவது உடம்பு தன்னைக் காக்க மூட்டும் உள்சூடு, நடக்கிறது என்பதுதான் அது சொல்லும் சேதி. தொற்று வந்தாலும் அழற்சி உண்டு; தொற்றே இல்லாமலும் உண்டு.

தொற்று இல்லாமல் எங்கிருந்து வரும்? கொழுப்பிலிருந்து. என் சர்வீஸின் முதல் பாதியில் கொழுப்பு என்றால் மிச்சச் சோற்றைப் போட்டுவைக்கும் குதிர் மாதிரி என்றுதான் எங்களுக்குச் சொல்லித்தந்தார்கள். 1993இல் பருத்த எலிகளின் கொழுப்பிலிருந்து டி.என்.எஃப். ஆல்ஃபா என்ற அழற்சிப் பொருள் சுரப்பதையும், அது இன்சுலின் வேலையைக் கெடுப்பதையும் காட்டினார்கள். 2003 வாக்கில், பருத்தவர்களின் கொழுப்புத் திசுவுக்குள் மேக்ரோஃபேஜ் என்னும் துப்புரவுச் செல்கள் கூட்டமாகக் குடியேறியிருப்பதும் தெரிந்தது. கொழுப்புச் செல் உப்பிக்கொண்டே போனால் அதற்கு ரத்தம் எட்டுவதில்லை. சில செல்கள் சாகும். அதைக் கூட்டிப் பெருக்க இந்தச் செல்கள் வரும். வந்தவை இன்டர்லூகின்-6 என்று ஒன்றைச் சுரக்கும். அது ரத்தத்தில் கல்லீரலுக்குப் போய், 'சி.ஆர்.பி. போடு' என்று சொல்லும். கொழுப்புச் செல்லே நேராகவும் சுரக்கும். நிமோனியாவில் சி.ஆர்.பி. ஏறுவது வைக்கோல் போர் பற்றின மாதிரி, நூறு இருநூறு என்று போகும். இது உமிக் குவியலில் விழுந்த கங்கு. மேலே பார்த்தால் சாம்பல், தீ தெரியாது, வருஷக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். 8, 10, 14. அதற்கு ஆன்டிபயாடிக் கொடுத்தால் எப்படி இறங்கும்?

இதோடு கர்ப்பம் வேறு. கர்ப்பமே ஒரு பாதி அழற்சிதான். கரு ஒட்டும் முதல் வாரங்களில் கருப்பையில் அழற்சி எழும்பி, நடு மாதங்களில் அடங்கி, பிரசவ நேரத்தில் திரும்ப எழும்பும். வெள்ளணுக்கள் 12 ஆயிரம், 14 ஆயிரம் என்று இருக்கும். ஈ.எஸ்.ஆர்., அதாவது ரத்தச் சிவப்பணுக்கள் படியும் வேகம், கர்ப்பிணிக்கு 40, 50 போவதைப் பார்த்து நாங்கள் யாரும் பயந்ததில்லை. சி.ஆர்.பி.யும் கொஞ்சம் ஏறும். ஏற்கெனவே கனன்றுகொண்டிருக்கும் உடம்பில் இதுவும் சேரும்போது, நடு மாதங்களில் அடங்க வேண்டியது அடங்குவதில்லை. பருமனான தாய்மார்களின் நஞ்சுக்கொடியில்கூட அந்தத் துப்புரவுச் செல்கள் அதிகம் இருப்பதைப் பார்த்திருக்கிறார்கள்.

அடுத்து ரத்தசோகை. எனக்கு இது முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. ஆறாம் மாதத்தில் மகளுக்கு ஹீமோகுளோபின் 9.8. பக்கத்து வீட்டு ஆத்தா சிரித்தார். "இத்தன சதை போட்டிருக்கற புள்ளைக்கு ரத்தம் கம்மியாமா?" 38 கிலோப் பெண்ணுக்கு ரத்தம் குறைந்தால் நாம் இரக்கப்படுகிறோம், 80 கிலோப் பெண்ணுக்குக் குறைந்தால் சிரிக்கிறோம். இரும்பு மாத்திரையை அவள் ஒழுங்காகத்தான் சாப்பிட்டாள். நான் அட்டையை எண்ணியே பார்த்தேன். பிறகு பழைய சக ஊழியர் ஒருவர் விளக்கினார். முன்னே சொன்ன இன்டர்லூகின்-6 கல்லீரலை ஹெப்சிடின் என்ற இன்னொன்றையும் சுரக்கச் சொல்லும். ஹெப்சிடின் குடலில் இரும்பு உள்ளே வரும் வாசலைச் சாத்திவிடும். கர்ப்பத்தில் இயல்பாக ஹெப்சிடின் குறைந்து வாசல் அகலத் திறக்க வேண்டும். அழற்சி இருக்கும் உடம்பில் அவ்வளவாகத் திறப்பதில்லை. இன்னொரு வேடிக்கை, உடம்பின் இரும்பு இருப்பைச் சொல்லும் ஃபெரிட்டின், அழற்சி இருந்தால் தானாகவே ஏறிக் காட்டும். ரிப்போர்ட்டில் களஞ்சியம் நிறைந்த மாதிரித் தெரியும். வீட்டில் அரிசி இருக்காது. தேசியக் குடும்ப நல ஆய்வில், 2019-21 கணக்குப்படி, தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் 48.3 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதே ஆய்வில் நம் மாநிலப் பெண்களில் 40.4 சதவீதம் பேர் எடை கூடியவர்கள். அதற்கு முந்தைய ஆய்வில் அது 30.9. இந்த இரண்டு கூட்டமும் வேறு வேறு பெண்கள் என்று நினைத்துக்கொண்டே நான் வேலை பார்த்திருக்கிறேன்.

சர்க்கரைக் கதை சுருக்கம்தான், எல்லார் வீட்டிலும் நடப்பது. 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கவைத்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பது, சாப்பிட்டிருந்தாலும் பரவாயில்லை, 140ஐத் தொட்டால் கர்ப்பகாலச் சர்க்கரை. வெறும் வயிற்றோடு 20 கிலோமீட்டர் பஸ் ஏறி வரச் சொல்லாமல், நம் பெண்களுக்குத் தோதாக இந்த முறையைக் கொண்டுவந்ததில் சென்னை மருத்துவர் வி. சேஷய்யாவுக்குப் பெரும் பங்கு. அவர் பிறந்த நாளான மார்ச் 10ஐத்தான் நாட்டில் கர்ப்பகாலச் சர்க்கரை விழிப்புணர்வு நாளாக வைத்திருக்கிறார்கள். என் மகளுக்கு 26ஆம் வாரத்தில் 162. செய்தி கேட்டதும் சம்பந்தியம்மா சொன்னது: "வெள்ளச் சர்க்கரதானுங்க ஆகாது. கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கர ஒண்ணும் பண்ணாதுங்க." நான் வாதாடவில்லை. அடுத்த நாள் காலையில் அதே நாட்டுச்சர்க்கரை போட்ட ராகிக் கஞ்சியை எப்போதும்போல ஒரு டம்ளர் கொடுக்கச் சொல்லி, ஒரு மணி நேரம் கழித்து விரலில் குத்திக் காட்டினேன். 188. அவர் கண்ணாடியை எடுத்துப் போட்டு இரண்டு தடவை பார்த்தார். அன்றிலிருந்து அந்த வீட்டில் டப்பா மேலே ஏறிவிட்டது. நாங்கள் கரும்பு போடுகிறவர்கள்; எனக்கும் வருத்தம்தான்.

நடுவில் ஒரு மாதம் மகள் பரிசோதனைக்கே போகவில்லை என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. முந்தைய தடவை எடை பார்த்த இடத்தில், வரிசையில் பத்துப் பேர் நிற்கும்போது, "என்னம்மா இப்படி ஊதிக்கிட்டே போற, ஸ்கேன்ல குழந்தையே தெரியாது" என்று ஒருவர் சொன்னாராம். யார், எங்கே என்பது வேண்டாம். பேசியவரும் என்னைப் போல நாள் முழுக்க நின்று வேலை பார்க்கிறவர்தான். ஆனால் அந்த ஒரு பேச்சில் ஒரு மாத ரத்த அழுத்தக் கணக்கு அட்டையில் விட்டுப்போயிற்று. எடைமேடையில் ஏறுமுன் பெண்கள் செய்வதைப் பார்த்திருக்கிறீர்களா? செருப்பைக் கழற்றுவார்கள். வளையலைக் கழற்றுவார்கள். மூச்சை இழுத்துப் பிடிப்பார்கள், ஏதோ அதில் ஒரு கிலோ குறையும் என்கிற மாதிரி.

36ஆம் வாரம் அழுத்தம் 146க்கு 96. கால் வீக்கம். மாத்திரை கொடுத்து நாள் தள்ளிப் பார்த்தார்கள். 38ஆம் வாரம் ஆபரேஷன். பேரன் 3.7 கிலோ. எல்லோரும் "கொழுகொழுன்னு இருக்கறான்" என்று கொண்டாடினார்கள். பிறந்த இரண்டு மணி நேரத்தில் அவனுக்கு ரத்தச் சர்க்கரை 34க்கு இறங்கி, இரண்டு நாள் பச்சிளங்குழந்தைப் பிரிவில் இருந்தான். தாயின் சர்க்கரை கொடி வழியாக உள்ளே போய்க்கொண்டே இருந்ததால், அவன் கணையம் இன்சுலினை வாரி இறைத்துப் பழகியிருந்தது. கொடி அறுந்ததும் சர்க்கரை வரத்து நின்றது, இன்சுலின் நிற்கவில்லை. இப்போது இருவரும் நலம். இந்த அத்தனைக்கும் எடைதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஒல்லிப் பெண்களுக்கும் சர்க்கரையும், ரத்த அழுத்தம் ஏறி வலிப்பும் வந்ததைப் பார்த்திருக்கிறேன். 90 கிலோவில் அலுங்காமல் சுகப்பிரசவம் ஆனதையும் பார்த்திருக்கிறேன்.

ஒல்லி என்றதும் புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக் நினைவுக்கு வருகிறார். 2004இல் அவர் தம்மையும் லண்டன் மருத்துவர் ஜான் யட்கினையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி ஒரு படம் வெளியிட்டார். இருவருக்கும் பி.எம்.ஐ. ஒன்றே, 22.3. ஆனால் கொழுப்பு வெள்ளைக்காரருக்கு 9.1 சதவீதம், நம்மவருக்கு 21.2. ஆள் ஒல்லி, உள்ளே கொழுப்பு. நம் குழந்தைகளும் பிறக்கும்போதே கை கால் சூம்பி, வயிற்றுப் பக்கம் கொழுப்போடு பிறக்கிறார்கள் என்பது அவர் புனேக் கிராமத்துத் தாய்மார்களிடம் கண்டது. அதனால்தான் மேல்நாட்டில் 25ஐத் தாண்டினால் எடை கூடுதல் என்றால், இந்தியருக்கு 23லேயே எச்சரிக்கை, 25ஐத் தொட்டால் பருமன் என்று நம் மருத்துவர்கள் 2009இல் கோடு போட்டார்கள்.

அதே 2009இல்தான் அமெரிக்காவின் மருத்துவ நிறுவனம் கர்ப்பத்தில் யார் எவ்வளவு எடை கூடலாம் என்று அட்டவணை கொடுத்தது. பி.எம்.ஐ. 18.5க்குக் கீழே இருந்தால் 12.5 முதல் 18 கிலோ வரை. நடுத்தரம் என்றால் 11.5 முதல் 16. 25 முதல் 30க்குள் என்றால் 7 முதல் 11.5. 30ம் அதற்கு மேலும் என்றால் 5 முதல் 9. என் மகள் 68இல் தொடங்கி 86இல் பிரசவித்தாள். 18 கிலோ. எலும்பும் தோலுமாக வரும் பெண்ணுக்கு உச்சவரம்பாகச் சொன்னதை நான் அவளுக்கு ஊட்டியிருக்கிறேன். இந்தியக் கோட்டை வைத்தால் அவள் பருமன், 9 கிலோவுக்குள் நின்றிருக்க வேண்டும் என்பவர்களும் உண்டு. 9ஆ 11ஆ என்று மருத்துவர்கள் பேசிக்கொள்ளட்டும். எங்களுக்கு 18 என்பதே அதிகம் என்று யாரும் சொல்லவில்லை. எல்லோருக்கும் பத்து, பன்னிரண்டு என்று ஒரே கணக்காகச் சொல்லி அனுப்புவதுதான் நான் பார்த்த வழக்கம். அதையும் வாயால்தான் சொல்வோம், எழுதித் தர மாட்டோம்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் கர்ப்பிணிகளுக்கு அரசு தரும் ஊட்டச்சத்துப் பெட்டகத்தைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும், தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில், தறி ஓட்டும் பெண்களும் கரும்பு வெட்டப் போகும் பெண்களும் ஒன்பதாம் மாதத்தில் 42 கிலோவில் வந்து நிற்பார்கள். ஊசி குத்த நரம்பு கிடைக்காது. அவர்களுக்கு அந்த நெய்யும் சத்துமாவும் பேரீச்சையும் அன்றே கிடைத்திருந்தால் எத்தனை உயிர் தேறியிருக்கும்! அந்த 2019-21 ஆய்விலும் நம் மாநிலப் பெண்களில் நூற்றுக்குப் பன்னிரண்டு பேருக்கு மேல் ஒல்லிதான். அவர்கள் கையில் ஒரு சொட்டு நெய் குறைந்தாலும் நான் எதிர்ப்பேன். ஆனால் 42 கிலோவுக்கும் 82 கிலோவுக்கும் அதே பெட்டி, அதே "நல்லா சாப்பிடும்மா". பெட்டியை மாற்ற வேண்டாம். கொடுக்கும்போது சொல்லும் சொல்லை ஆளுக்கு ஆள் மாற்றலாமே.

ஒன்றை மட்டும் கறாராகச் சொல்லிவிடுகிறேன். இதைப் படித்துவிட்டு யாரும் வயிற்றுப் பிள்ளைக்காரிக்குப் பட்டினி போட வேண்டாம். மாசமாக இருக்கும்போது எடையைக் குறைக்கப் பார்ப்பது தப்பு. என் மகளுக்கு உணவு ஆலோசகர் சொன்னது சாதாரண மாற்றம்தான். சோறு அரைப் பங்கு, காயும் கொள்ளுப்பருப்பும் இரண்டு பங்கு, முட்டை இருக்கட்டும், கச்சாயம் வேண்டாம், சாப்பிட்டபின் இருபது நிமிஷம் நடை. அதற்கும் வரம்பு உண்டு. ஆஸ்திரேலியாவில் 2,200க்கும் மேற்பட்ட எடை கூடிய கர்ப்பிணிகளை வைத்து, பாதிப் பேருக்கு உணவும் நடையும் சொல்லித்தந்து பார்த்தார்கள். 2014இல் முடிவு வந்தது. பெரிய குழந்தை பிறப்பது மொத்தத்தில் குறையவில்லை. 4 கிலோவுக்கு மேல் பிறப்பது மட்டும் கொஞ்சம் குறைந்தது. கங்கு உமியில் விழுந்து வருஷங்கள் ஆன பிறகு ஆறு மாதத்தில் அணைக்க முடிவதில்லை. கல்யாணத்துக்கு முன்பும், முதல் பிள்ளைக்கும் இரண்டாவதற்கும் நடுவிலும்தான் அதற்கான காலம். நடக்கச் சொல்கிறோம், சரி. என் மகள் இருக்கும் தெருவில் டையிங் வண்டிக்கும் தெருநாய்க்கும் நடுவில் எங்கே நடப்பாள்? மொட்டை மாடியில் 40 தடவை குறுக்கும் நெடுக்கும் போய்வருகிறாள். மாப்பிள்ளையும் கூடவே நடக்கிறார், அவருக்கும் 84 கிலோ.

மாசமான மகளுக்குத் தாய்வீடு போடும் கட்டுச்சோறு விருந்துக்கு ஏழு வகைச் சோறு கட்டிக்கொண்டு போனவள் நான். அதை நிறுத்தச் சொல்லவில்லை. ஒரு நாள் விருந்தில் யாரும் கெட்டுப்போவதில்லை; அதற்கு முன்னும் பின்னும் நூற்றைம்பது நாள் விருந்து நடத்தியதுதான் என் தப்பு. பேக்கேஜ் விற்கும் ஆய்வகங்களுக்கு, அதே தொழிலில் இருந்தவள் என்ற உரிமையில் ஒரு வார்த்தை. அறிகுறி இல்லாத கர்ப்பிணிக்குச் சி.ஆர்.பி. போட்டு, கறுப்பு எழுத்தில் அச்சடித்து ராத்திரி வாட்ஸப்பில் அனுப்பாதீர்கள். அனுப்புவதானால் அவள் எடையையும் உயரத்தையும் பக்கத்தில் எழுதி அனுப்புங்கள்.

இவ்வளவையும் எழுதிவிட்டு, நான் கடைசியாக வேலை பார்த்த இடத்துக்குப் போன வாரம் போனேன். உயரக் கட்டம் ஏன் காலியாக இருக்கிறது, அங்கேயும் அப்படித்தானா என்று பார்க்க. முன்பு சுவரில் மஞ்சள் நாடா ஒட்டியிருந்தோம். வெள்ளையடித்தவர்கள் அதன்மேலேயே அடித்துவிட்டார்களாம், இரண்டு வருஷம் ஆகிறது. பதிவேட்டில் பார்த்தால் வரிசையாக 152, 152, 152. ஊரில் பெண்கள் எல்லோரும் ஒரே உயரம். நர்சம்மா சிரித்துவிட்டுத் தலை குனிந்தார். என் செலவில் ஒரு உயரக் கம்பி வாங்கித் தருகிறேன் என்றேன். வாங்கலாம், ஆனால் அரசுச் சுவரில் ஆணி அடிக்க மேலிடத்து அனுமதி வேண்டும் என்றார். மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன். கம்பி எங்கள் திண்ணையில் சாத்தியிருக்கிறது. தெருவில் போகும் பெண்கள் வந்து நின்று அளந்துகொண்டு போகிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக நுட்புநர்,
சிவகிரி வழி, கொடுமுடி வட்டம், ஈரோடு மாவட்டம்.

பின்குறிப்பு: கடிதம் நீளம்தான். இடம் இல்லையென்றால் கட்டுச்சோற்றை வெட்டிக்கொள்ளுங்கள், அட்டவணையை வெட்டாதீர்கள்.